அரை சென்டிமீட்டர்

அளவுப் பலகை ஒரு முழம் இருக்கும்.
நடுவில் பள்ளம், ஓரத்தில் கோடுகள்.
நெத்திலியின் மூக்கை முட்டவைத்து
வாலை விரலால் நீவி
எண்ணைச் சொல்ல வேண்டும்.
நான் சொல்வேன், எவரிஸ்தோ எழுதுவான்.
பதினொன்றரை. பதினொன்றரை. பன்னிரண்டு. பதினொன்றரை.
கப்பல் ஆடினால் அவன் எழுத்தும் ஆடும்.

பன்னிரண்டுக்குக் கீழே என்றால் குஞ்சு.
குஞ்சு பத்தில் ஒன்றைத் தாண்டினால்
கடலை மூடிவிடுவார்கள்.
எங்கள் துறைமுகத்தில் அப்படித்தான் சொல்வது,
கடையை மூடுவதுபோல.
ஷட்டரை இழுத்துவிட்டுச்
சாவியோடு போகிறவள் நான் என்று நினைப்பு.

அந்த ஏப்ரலில் நூற்றுக்கு நாற்பத்தொன்று குஞ்சு.
மூன்று முறை அளந்தோம்.
வடக்கிலிருந்து சுடுநீர் இறங்கியிருந்தது.
பெலிக்கன்கள் சந்தைக்குள் நடந்தே வந்து
தராசுக்குப் பக்கத்தில் நின்றன.
அறிக்கையை லிமாவுக்கு அனுப்பினேன்.
அங்கே அதைப் படித்தவர்களில்
வசனம் எழுதுகிறவனும் ஒருத்தன் போலிருக்கிறது.

சனிக்கிழமை இரவு டிவியில்
என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ஆண்.
என்னுடையதைவிட நல்ல கொண்டை.
பெயர், டாக்டர் அரை சென்டிமீட்டர்.
உணவகத்தில் நுழைகிறாள்,
ஒருவன் தட்டிலிருக்கும் மீனை அளக்கிறாள்,
பறிமுதல் செய்கிறாள்.
பிறகு அவன் கரண்டியை. பிறகு அவன் டையை.
என் குடும்பப் பெயர் ஃபியெஸ்தாஸ்,
திருவிழாக்கள் என்று பொருள்;
அதை வைத்தும் ஒரு ஜோக்.
அக்கா வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நான் இருக்கும்போதே.
அக்கா புருஷன் மட்டும் சிரிக்கவில்லை.
அவனுக்குப் படகில் பங்கு, வங்கியில் கடன்.
இடைவேளையில்
இந்நிகழ்ச்சியை வழங்குவோர் மீன்மாவு ஆலைகள் என்று
மூன்று நீல மீன்கள் திரையில் நீந்தின.
மூன்றும் நன்றாக வளர்ந்தவை.
பதினான்கு இருக்கும்.

திங்கட்கிழமை மந்திரி
சபையில் அந்தப் பெயரைச் சொல்லி மேஜையைத் தட்ட வைத்தார்.
செவ்வாய்க்கிழமை அரசிதழ்:
இனிமேல் பதினொன்றரையே பெரிய மீன்.
நாற்பத்தொன்று ஒன்பதாகிவிட்டது
ஒரு மீன்கூட வளராமல்.

புதன்கிழமை ஊர் நாறியது.
ஆலைப் புகை துவைத்த துணியில், ரொட்டியில், கோயில் மணிக்கயிற்றில்.
இங்கே நாற்றம் என்றால் சம்பளம்.
செருப்புக் கடையில் கூட்டம்,
பல் வைத்தியரிடம் கூட்டம்.
அக்கா மளிகைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு
எனக்கும் அரைக் கோழி பொரித்து அனுப்பினாள்.
தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.

என்னை வேலையைவிட்டுத் தூக்குவார்கள் என்று
எவரிஸ்தோ பயந்துகொண்டே இருந்தான்.
பலகையைத்தான் மாற்றினார்கள்.
புதிது, பிளாஸ்டிக்.
பதினொன்றரையில் சிவப்பாக ஒரு கோடு.

ஆகஸ்டில் ஒரு போன்.
பழக்கதோஷம், என் குரலில் ஆரம்பித்து
இருமிக்கொண்டு தன் குரலுக்கு வந்தான்.
சேச்சுராவில் தம்பி இருக்கிறான் என்றான்,
வலைக்கே போகட்டுமா
கட்டட வேலைக்கு ஏதும் பார்க்கட்டுமா.
டிவியில் சொல்வதைக் கேள் என்று அவனிடம் சொல்ல
வாய் வரவில்லை, டாக்டர்.

வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது.
கொண்டையைப் பற்றிக் கேட்கலாம் என்றும் இருந்தது.
எவரிஸ்தோவின் நோட்டு மேஜைமேல் கிடந்தது,
அட்டையில் செதில் ஒட்டிக் காய்ந்து.
வியாழக்கிழமை வரைக்கும்தான் எண் இருக்கிறது என்றேன்.
அது போதும் என்றான்.

பத்து.
ஒன்பதரை.
பத்து.
எட்டு.

அந்தப் பக்கம் பேனா கிறுக்கும் சத்தம்.
எட்டில் நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து,
ம், மேலே சொல்லுங்க, என்றான்.